அலங்காநல்லூர் அரிச்னிக்

கிர்கிஸ்தானின் பிஷ்கேக்குக்கு வந்த முதல் வசந்தத்தில் ஒரு காலை, என் மெஸ்ஸின் கதவைத் திறந்தால் வாசலோரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர், கேட்பாரற்று. தெருவில் தண்ணீர் ஓடினால் மதுரைக்காரனுக்கு ஒரே அர்த்தம்தான்: குழாய் உடைந்துவிட்டது. முதலில் இரண்டு வாளிகளை நிரப்பிக்கொண்டேன். பிறகுதான் பொறுப்பு வந்து, பக்கத்து வீட்டு ரோசா எஜேயின் கதவைத் தட்டினேன். எஜே என்றால் கிர்கிஸ் மொழியில் அக்கா. அன்றைக்கு எனக்குத் தெரிந்த ருஷ்யன் இரண்டே சொல்: "வோதா", "ஐயோ". முதலாவது தண்ணீர்; இரண்டாவது ருஷ்யனே இல்லை. எஜே தண்ணீரைப் பார்த்தார், என் வாளிகளைப் பார்த்தார், "வோதா" என்று ஆமோதித்தார், குழந்தைக்கு நிலாவைக் காட்டுவதுபோல.

மலைப்பனி உருகி வரும் தண்ணீரைத் தெரு மரங்களுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால் அது. பெயர் அரிக். சோவியத் காலத்தில் அதைப் பராமரிக்க நகராட்சி ஆட்கள் இருந்தார்கள். உள்ளூர் அரிக்கோடு ஒரு ருஷ்ய வாலை ஒட்டி அவர்களை அரிச்னிக் என்றார்கள். ரோசா எஜே அப்படி ஓர் அரிச்னிக். அந்த அரசாங்கம் போயிற்று, வேலை போயிற்று, சொல்லும் ஏறக்குறையப் போயிற்று. என் மெஸ்ஸில் சாப்பிடும் நம்மூர் மருத்துவ மாணவர்கள் தங்கள் ருஷ்ய ஆசிரியையிடம் கேட்டதற்கு, அவரே நெற்றியைச் சுருக்கினாராம்.

வழக்கம் மட்டும் போகவில்லை. வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை தெருவே மண்வெட்டியோடு இறங்கி அரிக்கைத் தூர்வாரும். எஜே பெரிய கொப்பரையில் ஆட்டுக்கறியும் கேரட்டும் போட்டுப் புலோவ் சோறு ஆக்குவார். ஆனால் கொப்பரையை என் மெஸ் பக்கம் வைக்காமல், தெருக்கோடி மரத்தடிக்குக் கொண்டுபோனார். என் வியாபாரத்தைக் கெடுக்கத்தான் என்று பதறி, போட்டிக்கு ஓர் அண்டா லெமன் சாதம் கிளறினேன். ஒரு ஈ கூட வரவில்லை. சோறு கடைசியில் இருந்தால்தான் மண்வெட்டியும் கடைசிவரை போகும் என்பது, அத்தனை லெமன் சாதத்தையும் நானே தின்று தீர்த்தபோதுதான் உறைத்தது.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். தங்கை செல்வியை அலங்காநல்லூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் வயல் கடைமடை, வாய்க்கால் முடியும் இடம். அணை திறந்து தலைமடைக்காரர்கள் நடவே முடித்துவிட்டார்கள். நடுவில் வாய்க்காலை ஆகாயத்தாமரையும் கருவேலமும் அடைத்துக்கொண்டு, செல்வியின் நாற்று மஞ்சளடித்துக் கிடந்தது.

"இந்தத் தடவையும் வரலேன்னா பிளாட்டுக்காரனுக்கு வித்துற வேண்டியதுதேன்," என்றார் அவள் வீட்டுக்காரர். செல்வி எழுந்து நாற்றங்கால் பக்கம் போனாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். டீக்கடையில் கால்மேல் கால் போட்டு, "பிஷ்கேக்குல நான் அரிச்னிக்காக்கும்" என்று அளந்துவிட்டேன்.

"அப்டின்னா?"

"வாய்க்கா ஆபீசர்."

மாப்பிள்ளை கிளாசைக் கீழே வைத்தார். "அம்புட்டுப் பெரிய ஆளா மச்சான்? அப்ப நம்ம வாய்க்காலயும் ஒரு பார்வை பாத்துருங்க."

கடையே சிரித்தது. தலைமடைக்காரரான காத்தமுத்து அண்ணன், "எங்களுக்குத்தேன் தண்ணி வந்துருச்சே. ஆபீசரு தனியா எறங்கட்டும்" என்று எழுந்து போனார்.

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் சமையல், தெரிந்த ஒரே அரிச்னிக் ரோசா எஜே. கோயில் மைக்கில் சொல்லச் சொன்னேன்: சனிக்கிழமை கிடாக்கறிப் பிரியாணி, பந்தி செல்வி வரப்பில், மம்பட்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கி வர வேண்டும், கையில் சேறு இல்லாதவருக்கு இலை இல்லை.

சனிக்கிழமை தம் போட்டாயிற்று. ஒரு தலையைக் காணோம். ஓர் ஊருக்கான பிரியாணியோடு தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறவனின் தனிமை சைபீரியாவில்கூடக் கிடையாது. மாப்பிள்ளை கண்ணில் படாமல் அவனியாபுரம் ஏர்போர்ட்டுக்கு எந்தப் பக்கமாக ஓடலாம் என்று யோசித்தேன்.

"ஏண்ணே இப்படி வேர்த்து ஊத்துது?" என்றாள் செல்வி.

"அடுப்பு அனல் தாயி."

"அடுப்ப அணைச்சு எம்புட்டு நேரமாச்சு!"

அப்போதுதான் காற்று திரும்பியது. வாசம் வாய்க்கால் வழியே தலைமடைக்கு ஏறியிருக்க வேண்டும். தூரத்தில் கருவேலம் முறியும் சத்தம். பிறகு மம்பட்டி சத்தம். பிறகு ஒரு குரல்:

"ஏய் ஆபீசரு! நல்லி எலும்ப எனக்கு எடுத்து வையி, வாரேன்!"

காத்தமுத்து அண்ணன்! இடுப்புவரை சேறு, தோளில் ஆகாயத்தாமரை மாலை. அவருக்குப் பின்னால் ஊர்.

பாதிப் பந்தியில் வந்தது. முதலில் நுரை, காலி பாட்டில்கள், யாருடையதோ பந்து. பின்னாலேயே செம்மண் நிறத்தில் தண்ணீர். எல்லோரும் எச்சிற்கையோடு எழுந்து நின்றார்கள். செல்வி ஓடிப்போய் மடையை வெட்டிவிட்டாள். நாற்றங்காலுக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்து, கத்திக்கொண்டே வாய்க்காலில் குதித்தேன். பிஷ்கேக் சந்தையில் வாங்கிய செருப்பில் ஒன்று தண்ணீரோடு போய்விட்டது.

"மச்சான், பிளாட்டுப் பேச்சை விட்டுட்டேன்," என்றார் மாப்பிள்ளை, என் கையைப் பிடித்துக் கரையேற்றியபடி. "அடுத்த வருசமும் நீங்கதேன் அரிச்னிக்கு." ருஷ்ய ஆசிரியைக்கே தெரியாத சொல் இப்போது அலங்காநல்லூர்ப் பக்கத்தில் புழங்குகிறது. நான் ஊரில் இல்லாததால் காத்தமுத்து அண்ணன்தான் ஆக்டிங் அரிச்னிக்.

தூக்கிப்போட மனசு வராமல் மற்றச் செருப்பைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். மெஸ் வாசலில் ஒற்றையாகக் கிடந்ததைப் பார்த்த ரோசா எஜே, இன்னொன்று எங்கே என்று கேட்டார். கடைமடைக்கு ருஷ்யனில் சொல் தெரியாததால், "தெருக்கோடி மரத்தடியில்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்தார்.

நேற்று செல்வி போட்டோ அனுப்பியிருந்தாள். கதிர் பால் பிடித்த வயலின் நடுவில் ஒரு கம்பு, அதில் கண்ணேறு படாமலிருக்க, அன்றைக்குத் தண்ணீரோடு போன என் செருப்பு. இங்கே வாசலில் அதன் ஜோடி, அரிக் தண்ணீரின் ஓரமாக, தெற்கே ஊர்ப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது. நான் வெறுங்காலோடு நின்று இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.