ஏழாம் வாய்ப்பாடு

மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில், மகள் நீந்தப் போகிறாளா மலை ஏறப் போகிறாளா என்று தெரியாதபடி சாமான்களைப் பரப்பி வைத்திருந்தாள். இரண்டுக்கும்தானாம். தெற்கே ஒரு மலையிடுக்கு ஆற்றில் நடந்தும் நீந்தியும் போய், இரவு அங்கேயே படுப்பார்களாம். உடம்போடு ஒட்டும் ரப்பர் உடுப்பு, தண்ணீர் புகாத பை, அதற்குள் காய்ந்த உடுப்பு ஒரு சோடி.

"என்ன நடந்தாலும் இந்தச் சோடி மட்டும் நனையக் கூடாது, அம்மா. இரவிலை உயிரே இதுதான்."

எங்களிடம் அப்படிப் பை இருக்கவில்லை. சின்னம்மாவிடம் ஒரு அலுமினியப் பானை இருந்தது.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. வன்னியில் வயல் செய்த அப்பாவுக்குக் காய்ச்சல், என்னைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்று ஒரு ஆள் வந்து சொன்னார். அம்மாவின் தங்கையான சின்னம்மா என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். மாரி மழை. வழியில் ஆறு பெருகிக் கிடந்தது. இரு கரையும் முட்ட ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர், பாலம் இல்லை. சின்னம்மா மார்புக்கு மேல் கட்டிய குறுக்குக்கட்டோடு நின்று, தன் சேலையையும் நெருப்புப்பெட்டியையும் பானைக்குள் வைத்தார். என்னையும் எல்லாம் கழற்றித் தரச் சொன்னார். நான் சட்டையைக் கொடுத்துவிட்டுப் பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆரடி உன்னைப் பாக்கினம்? மீனோ?"

"மீனெண்டாலும் எனக்கு வெக்கம்."

சின்னம்மா சிரித்துவிட்டார். பானை வாயை மூடிக் கட்டி, ஒரு கையால் என்னையும் மறு கையால் பானையையும் பிடித்து, காலால் மட்டுமே உதைத்து அக்கரை சேர்த்தார். அப்படி நீந்திய ஒருவரை நான் பிறகு கண்டதில்லை.

பொழுது பட்டுவிட்டது. வயல் காவல் கொட்டில் ஒன்றில் ஒதுங்கினோம். நெருப்புப்பெட்டி காய்ந்திருந்தது, விறகுதான் ஈரம். சின்னம்மா திரும்பி நின்று சேலை உடுத்த நேரத்தில், நான் ஈரப் பாவாடையைக் கழற்றாமலே அதன்மேல் காய்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சட்டையும் நனைந்து, பல்லோடு பல் அடிக்கத் தொடங்கியது.

தொட்டுப் பார்த்தவர் ஏசவில்லை. எல்லாவற்றையும் உரித்தெறிந்து, என்னைத் தன் வயிற்றோடு அணைத்து, அந்த ஒரு சேலையால் இருவரையும் சுற்றி, மேலே வைக்கோலை அள்ளிப் போட்டார்.

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லு."

தண்டனை என்று நினைத்தேன்.

"நித்திரை வருகுது, சின்னம்மா."

"வந்தால் வரட்டும். நீ சொல்லு."

முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நிறுத்தினால் கிள்ளினார். ஏழெட்டு ஐம்பத்துநாலு என்றேன், ஓம் என்றார். அடுத்த முறை அறுபது என்றேன். அதற்கும் ஓம், மேலே சொல்லு என்றார். கூட்டுறவுச் சங்கக்கடையில் ஊருக்கே கணக்கு எழுதுகிறவர்! உடம்பு சூடாகி, என் நாக்குத் தெளிந்த பிறகுதான் தூங்கவிட்டார்.

மறுநாள் போனபோது அப்பா எழுந்திருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் எப்படி என்றுகூட நான் கேட்கவில்லை.

"அப்பா, சின்னம்மாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாது!"

"ஓமோம். இவதான் இரவு முழுக்க எனக்குப் படிப்பிச்சவ" என்றார் சின்னம்மா.

மகள் பையை இழுத்து மூடினாள். "இரவிலை ஒராளை ஒராள் கதைக்க வைக்கவேணும், அம்மா. என்ன கதைச்சாலும் பரவாயில்லை. குளிரிலை நாக்குக் குழறினால்தான் பயம்."

அன்று என் வாயருகே காதை வைத்துப் படுத்திருந்த சின்னம்மா, கணக்கைத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.