காத்தாயி சுத்தம் செய்த இடம்

செஞ்சிக் கோட்டையில் தினக்கூலிக்குப் பெருக்கிய காத்தாயியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அவள் புருஷனின் முதுகிலிருந்துதான் தொடங்க வேண்டும். புருஷன் பெயர் பாவாடை; கல் உடைத்தவன், கனத்த உடம்பு. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. படுத்த படுக்கையில் முதுகு புண்ணாகிவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கற்றவள் நான்; புண்ணுக்குக் கட்டுப் போடப் போவேன். அதற்கு மருந்தைவிட ஆளை அடிக்கடி புரட்டிப் போடுவதுதான் முக்கியம். காத்தாயி விடிந்ததும் பெருக்குவதற்குக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவாள். நடுவில் புரட்ட ஆளில்லை.

"கீழ்வாசல்ல காவலுக்குப் போட்டா ஊடால ஓடியாந்து புரட்டிட்டுப் பூடுவேன் நர்சம்மா. பொம்பளைக்கு இன்னாத்துக்குக் காவல் வேலைன்றாரு மேஸ்திரி" என்றாள்.

யுத்த காலம். அந்த ஐப்பசி மழையில், தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி வாத்தியார் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். மலைச் சரிவில், மரத்தடியில், இலைகள் மக்கிக் கிடந்த ஈரத்தில் ஒரு செடியைப் பார்த்து மண்டியிட்டுவிட்டாராம். முழ உயரத் தண்டு. இலையே இல்லை, பச்சையே இல்லை. வெளுத்த பூக்கள் தலை கவிழ்ந்து தொங்கின. காத்தாயி அதுவரை அதைக் காளான் என்றே நினைத்திருந்தாள்.

"இது ஆர்கிட் வகை, இந்தப் பக்கம் கிடைக்காதது. நாலைந்து நாளில் வாடிவிடும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். அடுத்த மழைக்கும் பூத்தால் உங்கள் பெரிய அதிகாரியை அழைத்து வந்து காட்டுகிறேன். உனக்கு என்ன வேண்டுமோ அவரிடம் கேட்டு வாங்கித் தருகிறேன். இடத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்" என்று வாத்தியார் அவளிடம் சொன்னார்.

அவளும் பார்த்துக்கொண்டாள். நோயாளியின் படுக்கையை எப்படிச் சுத்தமாக வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேனோ, அப்படி. மக்கிய இலையை வழித்தெடுத்து எரித்தாள். அடியில் வெள்ளை நூலாகப் படர்ந்திருந்த பூஞ்சணத்தை விரலால் சுரண்டி எறிந்தாள். ஆற்று மணலைச் சலித்துப் பரப்பினாள். வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். ஆடு நுழையாமல் சுற்றிலும் முள் வைத்தாள். இத்தனையும் கூலி வேலைக்கு மேலே.

மறு ஐப்பசியில் நல்ல மழை. மணல் நனைந்தது, காய்ந்தது. ஒன்றும் முளைக்கவில்லை.

வாத்தியார் சொன்னபடி வந்தார். மேஸ்திரி பெரியதம்பி குடை பிடித்தார். அன்று நானும் கூடப் போயிருந்தேன். வாத்தியார் முள்வேலிக்கு வெளியே நின்றுவிட்டார்.

"இங்கே கிடந்த சருகெல்லாம் எங்கே?"

"வாரி எரிச்சிட்டேங்க. ஒரே பூஞ்சணம். அதையும் சொரண்டிட்டேன்."

"அதுதானம்மா அதற்குச் சோறு. இலை இருந்தால் செடி தானே ஆக்கித் தின்னும். இதற்கு இலை கிடையாது. மண்ணில் இருக்கும் அந்தப் பூஞ்சணத்தைத்தான் தின்று வளரும்."

காத்தாயி மணலையே பார்த்தாள். "அழுக்கத் தின்னு பொழைக்குற பூவு இருக்குதுன்னு எனக்கு இன்னாங்க தெரியும்?"

"நீ இந்த மலை பூரா இந்த மாதிரி பெருக்கியிருந்தீன்னா, நான் கவர்னரையே இட்டாந்து காட்டியிருப்பேன்டி" என்றார் பெரியதம்பி. யாரும் சிரிக்கவில்லை.

வாத்தியார் நல்ல மனிதர்தான். திட்டவில்லை. ஆனால் காட்டப் பூ இல்லாமல் அதிகாரியைப் போய்ப் பார்க்கவும் இல்லை. சில வருஷம் சருகைத் தொடாமல் விட்டால் ஒருவேளை வரலாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

இறங்கும்போது காத்தாயி, "பெருக்காம உட்டா எனக்கு எவன் கூலி குடுப்பான், நர்சம்மா?" என்றாள். நான் நடையை எட்டிப் போட்டேன். பாவாடைக்குக் கட்டு மாற்ற நேரமாகிவிட்டிருந்தது.

மார்கழியில் பாவாடை இறந்துபோனான். புண் எலும்புவரை போயிருந்தது. முதுகைக் கழுவியது நான்தான்.

பங்குனியில் கீழ்வாசல் காவல்காரர் வேலையை விட்டார். ஆம்பிளை ஆள் கிடைக்காமல் பெரியதம்பியே காத்தாயியைக் கூப்பிட்டு அந்த வேலையைத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள்.

"பைத்தியக்காரி, மூட்டு தேய்ந்து போச்சு, உட்கார்ந்து பார்க்கிற வேலையை விடலாமா?" என்று கடிந்துகொண்டேன்.

"அங்க குந்துனா எங்கூட்டு வாசல்தான் நர்சம்மா எதிர்ல தெரியுது. ஓடிப்போயி யாரப் பொரட்டப் போறேன்? மேல பெருக்குனா ஒடம்பு அலுத்துப்பூடும், வந்து உழுந்தாத் தூக்கம் வந்துடுது."

முட்டிக்குத் தேய்க்க எண்ணெய் கொடுத்தனுப்பினேன்.