பிஸ்கட் அட்டையில் எழுதிய ஊர்கள்

காலை ஆறரைக்கே என் போன் கத்த ஆரம்பித்துவிடும். ஆசிரியர்களுக்கென்று மூன்று வாட்ஸ்அப் குழுக்கள். மூன்றிலும் அதே ஆட்கள், அதே லிங்க். ‘வகுப்பறையை மகிழ்ச்சியாக்கப் பத்து வழிகள்.’ ‘எழுத்துகளை ஆடிப் பாடிக் கற்பிப்போம்.’ ‘இன்றைய பயிற்சித்தாள், பிடிஎஃப்.’ அனுப்பியவர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். பார்த்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. நானும் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம்.

செஞ்சியிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம் போனால் என் பள்ளிக்கூடம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆபீசிலிருந்து போன் வரும். இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள், சுற்றிலும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் காடு. சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் நிற்க வேண்டும். ஒரு வீடியோவைப் பள்ளியில் காட்ட, முந்தின நாளே வீட்டில் இறக்கி வைக்க வேண்டும். ஒரு தடவை அப்படிக் காட்டினேன். இருபத்திரண்டு பிள்ளைகள் என் கையகலப் போனைச் சுற்றி நெருக்கிக்கொண்டு, முன்னால் இருப்பவன் தலைமுடியைத்தான் பார்த்தார்கள். வீடியோவில் ஒரு யானை ஆடியது. யானை ஆடியது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அது எந்த எழுத்துக்காக ஆடியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நாலாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கெட்டிக்காரி. மனக்கணக்கில் என்னை முந்துவாள். படிக்கத்தான் வராது. அவள் அம்மா செஞ்சியில் கட்டட வேலைக்குப் போகிறவள். ஜூன் மாதத்தில் ஒரு நாள் அந்த அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சர், எம் பொண்ணு டாக்டருக்குலாம் படிக்க வாணாம். பஸ் போர்ட பாத்து படிச்சா போதும்.”

“இன்னாத்துக்கு போர்டு?”

“எனக்கு படிக்க வராது. பஸ்ஸ கலர வெச்சி, டிரைவர் மூஞ்ச வெச்சி ஏறுவேன். அமாவாசன்னா அதே பஸ்ஸ மேல்மலையனூருக்கு உட்டுடறானுங்க. ரெண்டு தபா அங்க போயி எறங்கிட்டேன். கண்டக்டர கேட்டா, போர்டு போட்டிருக்குதே, கண்ணு அவிஞ்சிபோச்சான்னு கேக்கறான்.”

என் இருபத்து மூன்று வருட வேலையில் யாரும் என்னிடம் இவ்வளவு தெளிவாக ஒரு பாடத்திட்டம் கொடுத்ததில்லை.

அன்று சாயங்காலமே செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் காலி பிஸ்கட் பெட்டிகளை வாங்கி வந்து வெட்டினேன். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் நின்று, போர்டுகளில் எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே கறுப்பு மையில் எழுதினேன். திண்டிவனம், சேத்துப்பட்டு, வந்தவாசி, மேல்மலையனூர், விழுப்புரம், பள்ளி இருக்கிற எங்கள் ஊர். வகுப்பில் அட்டையைத் தூக்கிக் காட்டினால் பிள்ளைகள் ஊரைக் கத்த வேண்டும். சரியாகக் கத்தினவர் டிரைவர். மற்றவர்கள் பின்னால் ஓட வேண்டும். மைதானமே புழுதி. மூன்று மாதத்தில் அந்தப் பெண் எல்லா அட்டையையும் பார்த்த கணத்தில் சொன்னாள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கல்வித் துறை ஆப்பில் அவள் பெயருக்கு நேராக ‘சரளமாக வாசிக்கிறார்’ என்று பச்சை டிக் போட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தபோது, “உம் பொண்ணு போர்ட படிக்கிறா, இனிமே அவள கூட்டிக்கினு போ” என்று சொன்னேன். சொன்னது நான்தான். இதை யார் மேலும் போட முடியாது.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசிலிருந்து பயிற்றுநர் வந்தார். எங்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. வகுப்பெடுத்து எத்தனை வருடமாயிற்றோ தெரியாது. என் அட்டைகளை வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்தார்.

“மேடம், ஐடியா சூப்பர். ஆனா அட்டைதான் தரம் பத்தல. பின்னாடி பிஸ்கட் கம்பெனி பேரு தெரியுது.”

“பின்னாடிதானே சார். முன்னாடி படிங்க.”

அவர் சிரித்துவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் என் அட்டைகள் மூன்று குழுக்களிலும் எனக்கே திரும்பி வந்தன. பிடிஎஃப். எல்லா ஊரும் ஒரே மஞ்சளில், ஒரே எழுத்தில், சுற்றிலும் பூ பார்டர், மூலையில் பல்லைக் காட்டும் பஸ் பொம்மை. கீழே அவர் பெயர். ‘அனைத்துப் பள்ளிகளும் கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, தோரணமாகக் கட்டி, வெள்ளிக்கிழமைக்குள் போட்டோ பதிவிட வேண்டும்.’ நூறு கட்டைவிரல். நான் போடவில்லை. திங்கட்கிழமை அவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி: ‘உங்கள் பள்ளி மட்டும் பெண்டிங் மேடம்.’

என் அட்டையை நானே அவர் சொல்கிற மாதிரி செய்து மாட்ட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். பழைய பிஸ்கட் அட்டைகளைப் பீரோவில் போட்டுப் பூட்டினேன்.

அவர் வீடியோ எடுக்க வந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு திட்டம் இருந்தது. இது யாருடைய பாடம் என்று அவர் போனுக்கு முன்னாலேயே காட்டிவிட வேண்டும். அந்தப் பெண்ணை நிறுத்தி, மஞ்சள் அட்டை ஒன்றைத் தூக்கினேன். திண்டிவனம்.

அவள் பார்த்தாள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். “விழுப்புரம்.”

அடுத்தது வந்தவாசி. “சேத்துப்பட்டு.” அடுத்ததற்கு வாயே திறக்கவில்லை.

“நேத்து வரைக்கும் படிச்சியேடி! இன்னாடி ஆச்சி இன்னிக்கி?” என்று கத்தினேன்.

“இது அந்த அட்ட இல்ல டீச்சர்.”

“எந்த அட்ட?”

“திண்டிவனம்னா டீ கற இருக்கும். வந்தவாசின்னா எலி கடிச்சி இருக்கும். சேத்துப்பட்டுல செவப்பு கோடு. இதுல ஒண்ணுமே இல்லியே.”

அவள் என்னை ஏமாற்றவில்லை. படிப்பு என்றால் அதுதான் என்று நினைத்திருக்கிறாள். அம்மா பஸ்ஸை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறாள். மகள் அட்டையைக் கறையை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள். மூன்று மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த ஊர்களைக் கரும்பலகையில் நான் எழுதிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் பிள்ளைகள் கத்துவதைக் கேட்டுக் குளிர்ந்துபோய் நின்றிருந்தேன்.

பயிற்றுநர் போனை இறக்கினார். “டென்ஷன் ஆவாதீங்க மேடம். இத கட் பண்ணிடலாம். நல்லா படிக்கிற பாப்பா ஒண்ண நிறுத்துங்க, அஞ்சி நிமிஷத்துல முடிச்சிடலாம்.”

“எடுக்கறதுன்னா இவள எடுங்க. இல்லன்னா கெளம்புங்க.”

கிளம்பினார். ஆனால் அவரைத் திட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது? அவருடைய பூ பார்டர் அட்டை மாட்டியதால்தான் உண்மை வெளியே வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

அன்று சாயங்காலம் கடைசி மணி அடித்ததும் அவள் அம்மாவைத் தேடிப் போனேன். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள், கையெல்லாம் சிமெண்ட். நடந்ததைச் சொன்னேன். படிக்கத் தெரியாது, அட்டையை அடையாளம் வைத்துச் சொல்லியிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை, அவளை நம்பி இப்போது பஸ் ஏறாதே என்றேன்.

அவள் குழாயை மூடினாள்.

“போன ஞாயித்துக்கெழம கூட்டிக்கினு போனேன் டீச்சர். இதான் நம்ம பஸ்ஸுன்னு ஏத்தி உட்டா. சேத்துப்பட்டுல போயி எறங்கனோம். டீச்சரே சொன்னாங்களே, படிக்கத் தெரிஞ்சிக்கினே வெளையாடறாளேன்னு, பஸ் ஸ்டாண்டுலயே வெச்சி அடிச்சிட்டேன்.”

அவள் கையில் காய்ந்திருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினாள்.

“அவ தெரியலம்மா தெரியலம்மான்னுதான் அழுதா. நானு உங்க பேச்சத்தான் நம்பனேன்.”

வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்தேன். அந்தப் பச்சை டிக்கை எடுக்க வேண்டும். எடுக்க முடியாதாம். ‘பதிவு நிறைவடைந்தது, நன்றி’ என்றது. போனைக் கட்டிலில் வீசினேன். பிறகு அதையே எடுத்துத் தேட ஆரம்பித்தேன். மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பது? வந்ததெல்லாம் குப்பை. பாட்டு, பலூன், குதிக்கும் எழுத்து, ‘எங்கள் சேனலை மறக்காமல்...’ முதல் பத்து வீடியோவும் எனக்காகச் செய்ததல்ல, அவரவர் முகத்தைக் காட்டச் செய்தது.

எத்தனையாவது என்று தெரியாது, ஒன்று கிடைத்தது. அரை இருட்டான வகுப்பறை. பாட்டு இல்லை. எடுத்தவர் முகம்கூட இல்லை. ஒரு பெண் கை மட்டும், சுண்ணாம்பு படிந்த விரல்கள். காலண்டர் தாளில் எழுதிய எழுத்துகளைத் துண்டாக வெட்டி, கலைத்து, அர்த்தமே இல்லாத சொற்களாக அடுக்கி ஒரு பையனைப் படிக்க வைத்தாள். இல்லாத சொல்லை ஊகிக்க முடியாது. எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஆறு நிமிடம். பார்த்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரி எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் போன் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அவள்.

மூன்று குழுக்களிலும் அதைப் போட்டேன். ஆறு நிமிட வீடியோவுக்கு ஒரே நிமிடத்தில் பதினான்கு கட்டைவிரல்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளும் நானும். முதல் நாள் அவள் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. “அடி வாங்குனது என்னால. தப்பு என்னுது” என்றேன். அவள் காலண்டர் துண்டுகளை நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

‘மபன’ என்று அடுக்கினேன்.

“ம... ப... ன. இது எந்த ஊரு டீச்சர்?”

“அப்படி ஒரு ஊரே இல்ல.”

“ஊரே இல்லன்னா எதுக்கு படிக்கணும்?”

“ஊரு இல்லாததாலதான்.”

என்னைப் பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டாள். அது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. இல்லாத ஊர்களை அவளே எனக்கு அடுக்கிக் கொடுக்க ஆரம்பித்தாள். ‘டலைக’ ஊருக்கு டிக்கெட் கொடு என்பாள். நான் எழுத்துக் கூட்டித் தடுமாறினால் மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சிரிப்பாள். ‘ை’ அவளுக்குக் கடைசி வரை தகராறு. எழுத்துக்கு முன்னால் நின்றுகொண்டு பின்னால் ஒலிக்கிற அந்தக் குறியை அவள் நம்பவே இல்லை. தினமும் அதையே போட்டேன். நான் எரிந்து விழுந்த நாட்களும் உண்டு. தோரணத்தில் மஞ்சள் அட்டைகள் பாட்டுக்குத் தொங்கின, ஒருவரும் தொடவில்லை.

ஒரு சனிக்கிழமை ஆபீசில் எங்களுக்குப் பயிற்சி. ‘இணையவழிக் கற்றல் வளங்கள்.’ கரண்ட் போய்விட்டது. மூன்று மணி வரை வளங்களைப் பற்றி வாயாலேயே பேசினார்கள். வெளியே வந்தால் அமாவாசை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர்க் கூட்டம் கால் வைக்க இடம் விடவில்லை. எலுமிச்சம்பழமும் மஞ்சள் புடவையுமாக ஜனம் நெரிந்தது.

எங்கள் ஊர் பஸ் நிற்கிற இடத்தில் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். அம்மா முன்னால், கையில் இரண்டு பையோடு மகள் பின்னால். அந்த இடத்தில் ஒரு பஸ் நின்றது. எங்கள் ஊர் பஸ் மாதிரியே பச்சை. கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டி, கையால் எழுதியிருந்தது. எங்கள் ஊர் பஸ் இல்லை. எனக்குத் தெரிந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அம்மா படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

“எம்மா, ஏறாத.”

“இன்னாடி?”

“இது நம்ம ஊரு இல்ல.”

அம்மா திரும்பிப் பார்த்தாள். சேத்துப்பட்டில் போய் இறங்கிய அந்த ஞாயிறு அவள் முகத்தில் தெரிந்தது. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்.

“ஏறுறதுன்னா ஏறு, இல்லன்னா வழிய உடு” என்றார் கண்டக்டர். “போர்டு ஒட்டியிருக்குதுல்ல?”

“அதத்தான் படிக்கிறேன், இரு!” என்று அந்தப் பெண் அவர்மேல் கத்தினாள். பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு நேராகப் போய் நின்று விரலை நீட்டினாள். “ப... ன... ம...” அங்கே நின்றுவிட்டாள். அந்தப் பாழாய்ப்போன குறி. “ல... இல்ல, லை. பனமலை. எம்மா, இது பனமலை போறது.”

என் எந்த அட்டையிலும் பனமலை கிடையாது.

“அட, ஆமா, பனமலதான்” என்றார் கண்டக்டர், ஏதோ அவரே இப்போதுதான் தெரிந்துகொண்ட மாதிரி. விசில் அடித்தார்.

அம்மா காலை எடுத்துக் கீழே வைத்தாள். குனிந்து கீழே கிடந்த இரண்டு பையையும் தானே தூக்கிக்கொண்டாள்.

“அடுத்தது வருது பாரு” என்றாள். “இன்னா போட்டிருக்குதுன்னு சொல்லு.”

என் பைக்குள் போன் கத்திக்கொண்டே இருந்தது. பயிற்சியில் கலந்துகொண்டதற்கு எல்லாரும் உடனே போட்டோ அனுப்ப வேண்டுமாம்.