நானூற்று முப்பத்தேழு, இரண்டு தடவை

என் கணவர் கணக்கு வாத்தியார். அதைப் பள்ளிக்கூடத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. திருவானைக்காவலில் பஸ் ஏறினால், முன்னால் போகிற வண்டியின் நம்பர் எந்தெந்த எண்ணால் வகுபடும் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் என்னிடம் கேட்டாக வேண்டும். தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்துவார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் என் தப்பு ஒன்றைக்கூடச் சும்மா விட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார். கை மெல்ல அசைந்தது. பேச்சுதான் இல்லை. "உங்களையே அடையாளம் தெரியாமப் போகலாம்மா, மனசைத் திடப்படுத்திக்கங்க" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பேசினேன். "ஏழு ஒம்போது அம்பத்தாறுதானேங்க?" என்றேன். "நம்ம வீட்லேருந்து இங்க வர கொள்ளிடம் பாலம்தானே தாண்டணும்?" என்றேன். காவிரிப் பாலத்தை நான் மறப்பேனா! அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவை திட்டித் தொலைங்களேன்" என்று வாய்விட்டு அழுதேன்.

ஒரு காலை, ஈரத்துண்டால் அவர் கையைத் துடைக்கும்போது மணிக்கட்டுப் பட்டையில் ஆஸ்பத்திரி போட்டிருந்த எண் கண்ணில் பட்டது. 437437. பழக்க தோஷம், வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. மூன்று இலக்கம் அப்படியே திரும்ப வந்தால் அந்த எண் ஆயிரத்தொன்றால் வகுபடும். பஸ்ஸில் அவர் சொல்லித் தொலைத்ததுதான். ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று. அதால் வகுத்தால் வருவது நானூற்று முப்பத்தேழு. அதையும் உடைக்க வேண்டும்.

"ஏழு, பதினொண்ணு, பதிமூணு... அப்புறம் பதினேழு, இருபத்து மூணு" என்று முணுமுணுத்தபடி துண்டைப் பிழிந்தேன். இந்தத் தடவை நடிக்கவில்லை. சரியென்றே நினைத்தேன்.

"பத்தொம்போது."

குழறலாகத்தான் வந்தது. துண்டு கீழே விழுந்தது. "என்னங்க சொன்னீங்க?"

"பதினேழு இல்ல. பத்தொம்போது."

நெற்றி சுருங்கியிருந்தது, பஸ்ஸில் சுருங்குமே, அதே மாதிரி. மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். பத்தொன்பது தடவை இருபத்து மூன்று, நானூற்று முப்பத்தேழு. அவர் சொன்னதுதான் சரி.

ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். டாக்டர் பெயர் கேட்டார், ஊர் கேட்டார். இவர் மின்விசிறியைப் பார்த்தார். டாக்டர் என்னைக் காட்டி, "சார், இவங்க யாருன்னு தெரியுதுங்களா?" என்றார். என் கணவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"தப்பாக் கணக்குப் போடுவா" என்றார்.

டாக்டர் சங்கடத்தோடு என் பக்கம் திரும்பினார். "பேர் சொல்லலையேம்மா. உங்களைத் தெரியலன்னுதான் நினைக்கிறேன்."

"நல்லாத் தெரிஞ்சிருக்கு டாக்டர்" என்றேன். "அது நான்தான்."