முதல் வரிசை

என் அத்தான் வேலாயுதத்தைப் பற்றிச் சொல்வதென்றால் பஸ்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ். காலை ஷிப்டுக்கு ஒரு நடை, மாலை ஷிப்டுக்கு ஒரு நடை, பதினோரு வருடமாக அதே இருக்கை. ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நேப்பாளிகள். மற்ற டிரைவர்கள் அவர்களைத் தலை எண்ணி ஏற்றுவார்கள், அவ்வளவுதான். அத்தானுக்கு எல்லார் பெயரும் தெரியும். யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருடைய அப்பா ஊரில் படுத்த படுக்கை என்று எல்லாம் தெரியும். "என் தம்பிக்கு என்ன வயசுன்னு கேட்டுப் பாரு, தெரியாது" என்பாள் என் அக்கா தனலெட்சுமி. நிஜம்தான். எனக்கு ஐம்பது நெருங்குகிறது, அவர் இன்னும் நாற்பதிலேயே வைத்திருக்கிறார்.

தொழிற்சாலையில் மற்ற எல்லாரையும் அந்தப் பையன்கள் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜரும் பாஸ், கேன்டீன்காரரும் பாஸ், வாசல் காவலாளியும் பாஸ். அத்தான் மட்டும் 'அபாங்'. மலாயில் அண்ணன். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

பஸ்ஸுக்கு அடுத்தபடி அவருக்குக் கால்பந்து. அதுவும் டிவியில் வரும் பெரிய கிளப்புகள் இல்லை. கிள்ளானில் சுங்கை நீலா ரோவர்ஸ் என்று ஒரு கிளப். மாவட்ட லீக்கில் அடி வாங்கிக்கொண்டிருந்த கிளப். அதன் செயலாளர் கார்த்திகேசு அத்தானோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாக ஆடியவர். அத்தான் தடுப்பாட்டம், கார்த்திகேசு கோல்கீப்பர். கார்த்திகேசு விட்ட கோலுக்கெல்லாம் அத்தான்தான் திட்டு வாங்கினாராம். அன்றைக்கே அத்தானுக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பையன்களைச் சாமான் வாங்கக் கிள்ளானுக்குக் கூட்டி வந்தவர், திரும்பும் வழியில் பஸ்ஸைத் திடலோரம் நிறுத்திவிட்டார். "பத்து நிமிஷம்லா, ஸ்கோர் மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்" என்று இறங்கினார். பின்னாலேயே நாற்பது பேரும் இறங்கினார்கள். நானும் அன்று கூட இருந்தேன். திடலில் பார்வையாளர் என்று பன்னிரண்டு பேரும் ஒரு நாயும். ரோவர்ஸ் இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. திக்காராம் என்ற பையன் அப்போதுதான் வாங்கிய அலுமினியப் பானையைக் கவிழ்த்துத் தட்ட ஆரம்பித்தான். மற்றவர்கள் "ஹாமி ஆயோ! ஹாமி ஆயோ!" என்று பாடினார்கள். 'நாங்கள் வந்துவிட்டோம்' என்று அர்த்தமாம். ஆடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்களுக்காக ஒருவர் கத்துவதை அவர்கள் அதுவரை கேட்டதே இல்லை. ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது.

அதன் பிறகு எந்த ஞாயிறும் தவறியதில்லை. பாதிப் பேர் ஓவர்டைமை விட்டுவிட்டு வருவார்கள். அக்கா மீஹூன் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். மழையில் நனைந்தபடி நின்று பாடுவார்கள். திடலைச் சுற்றி ஏழாயிரம் பேர் குடியிருக்கும் வீட்டுமனைப் பகுதி, அந்தத் தாமானிலிருந்து எழுபது பேர் வராத காலத்தில், கடல் தாண்டி வேலைக்கு வந்த நாற்பது பேர்தான் அந்தக் கிளப்புக்கு ரசிகர்கள். ரோவர்ஸ் மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கு ஏறியது, அங்கிருந்து மூன்றாம் டிவிஷனுக்கு ஏறியது. ஏற ஏறத்தான் தாமான்காரர்களுக்கும் கண் தெரிந்தது.

இந்த வருடம் இரண்டாம் டிவிஷனுக்கு ஏற இன்னும் ஒரே ஒரு ஆட்டம் வெல்ல வேண்டும் என்ற நிலை. கார்த்திகேசு பஸ்ஸுக்கே வந்து, படியில் நின்று பையன்களைப் பார்த்துச் சொன்னார். "வேலு, அன்னிக்கு மொத வரிசை உன் பஸ்ஸுக்குத்தான். இது என் வாக்கு." அத்தான் அதை மலாயில் சொன்னதும் பஸ்ஸே ஆடியது. "நான் இருக்கேன்ல" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவர் மானம் முழுவதும் அந்த ஒரு வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது.

கார்த்திகேசு இன்னொன்றும் கேட்டார். தாமான் பிள்ளைகளுக்கும் அந்தப் பாட்டைச் சொல்லித்தர வேண்டும், எல்லாரும் சேர்ந்து பாடினால் நன்றாக இருக்கும் என்றார். இரண்டு ஞாயிறு, ஆட்டம் முடிந்த பிறகும் இருந்து திக்காராம் சொல்லித்தந்தான். எங்கே கைதட்ட வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித்தந்தான். பானையையும் தட்டக் கொடுத்தான். கிளப் மேல் இவ்வளவு அக்கறையா என்று நானும் கார்த்திகேசுவை மெச்சினேன். என் புத்தியை என்ன சொல்ல.

அந்த நாள் வந்தது, நானும் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். மாலை நாலே முக்காலுக்கு ஆட்டம். நாற்பது பேரும் மஞ்சள் சட்டை, நெற்றியில் மஞ்சள் துணி. திடல் வாசலில் புதிதாகக் கம்பித் தடுப்பு, காவலுக்கு ஒரு செக்யூரிட்டி கார்ட், அறிவிப்புப் பலகை. மலேசிய அடையாள அட்டை, அதாவது ஐசி, வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி.

"இவங்க எங்க ஆளுங்கலா. மூணு வருஷமா வராங்க" என்றார் அத்தான்.

"தெரியும் அண்ணே, எனக்கு ஆர்டர். நீங்க ரெண்டு பேரும் போங்க, அவங்க முடியாது" என்றார் கார்ட்.

கார்த்திகேசு போனை எடுக்கவில்லை. அத்தான் பையன்களிடம் ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நானும் பின்னால் ஓடினேன். கார்த்திகேசு ஸ்பான்சருக்குப் பக்கத்தில் புது கோட்டில் நின்றுகொண்டிருந்தார். அத்தானைப் பார்த்ததும் ஓரமாக இழுத்துப் போனார்.

"வேலு, புரிஞ்சிக்கடா. டிவி வந்துருக்கு. கேமராவ திருப்புனா பூரா வெளிநாட்டுக்காரன் மூஞ்சியா இருந்தா, இது யாரு டீமுன்னு ஸ்பான்சர் கேக்குறாரு."

"போன வாரமே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பாட்டு சொல்லித் தந்துருப்பானுங்களா?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் கூட இல்லை. அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்திருப்பேன், அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். கார்த்திகேசு சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "கோவப்படாத. ஹாஃப் டைம்ல கேட்ட தொறக்கச் சொல்றேன். ஓரமா நின்னு பாக்கட்டும். நீ வா, உனக்கு மொத வரிசை வச்சிருக்கேன்."

விசில் ஊதிவிட்டார்கள். அத்தான் திக்காராமுக்குப் போன் போட்டு, பாதி ஆட்டத்தில் திறப்பார்கள் என்று சொன்னார். பிறகு அந்த முதல் வரிசையில் போய், கடைசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எங்களைச் சுற்றித் தாமான் பிள்ளைகள். சொல்லிக் கொடுத்தபடியே கைதட்டி, சொல்லிக் கொடுத்த இடத்தில் மூச்சு வாங்கிப் பாடினார்கள். ஹாமி ஆயோ, ஹாமி ஆயோ. அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முப்பத்தொன்பதாவது நிமிடம் ரோவர்ஸுக்குக் கார்னர். பந்து உயர்ந்து வந்தது. எங்கள் குட்டைப் பையன் ஒருவன் எங்கிருந்தோ எழும்பித் தலையால் முட்டினான். கோல்! நான் குதித்தேன். அத்தானும் குதித்தார். இரண்டு கையையும் தூக்கி, வாயைத் திறந்து, பைத்தியம் மாதிரிக் குதித்தார். பத்து விநாடி இருக்கும். மூன்று வருடம் மழையில் நின்றவருக்கு அந்தப் பத்து விநாடி தன்னையும் மீறி வந்துவிட்டது. பிறகு திடீரென்று கையை இறக்கி உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

பாதி ஆட்டத்தில் வாசலுக்கு ஓடினோம். கேட் பூட்டியபடியே இருந்தது. "எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல அண்ணே" என்றார் கார்ட். ஒரே நாளில் இரண்டாவது தடவை கழுத்தறுப்பு. அத்தான் பூட்டைத் திறக்கச் சொல்லி வெளியே வந்தார்.

பையன்கள் போகவில்லை. வேலியோரத்தில் நின்று, உள்ளே எழுந்த சத்தத்துக்குப் பானையைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். திக்காராம் ஓடி வந்து அத்தானைக் கட்டிக்கொண்டான்.

"சியாப்பா கோல், அபாங்?"

யார் கோல் போட்டது என்று கேட்கிறான். கதவைச் சாத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார் அத்தான். அந்த நேரத்தில் கார்த்திகேசுவைத் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

திக்காராமின் முகம் வாடியது, அவருக்காக. தங்களுக்காக அலைந்து கோலைக் கூடப் பார்க்காமல் விட்டுவிட்டாரே என்று மற்றவர்களிடம் நேப்பாளியில் சொன்னான் போலிருக்கிறது. இனி கேட் திறக்காது என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்து அவர் தோளைத் தட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினார்கள். வழி முழுக்க, சத்தத்தை வைத்து அந்தக் கோல் எப்படி விழுந்திருக்கும் என்று அவருக்குக் கையாலேயே ஆடிக் காட்டினார்கள். தூரத்திலிருந்து அடித்திருப்பான் என்றான் ஒருவன். இல்லை, பெனால்ட்டி என்றான் இன்னொருவன். அத்தான் தலையாட்டிக்கொண்டே ஓட்டினார். ரோவர்ஸ் ஜெயித்து மேலே ஏறிய செய்தி பந்திங் ரோட்டில் என் போனுக்கு வந்தது. பஸ் கைதட்டியது.

அன்று ராத்திரியே டிவிக்காரர்கள் போட்ட அந்தக் கோல் எல்லார் போனுக்கும் போய்விட்டது. பந்து வலைக்குள் போனதும் கேமரா நேராக முதல் வரிசைக்குத் திரும்புகிறது. நடுவில் தெளிவாக அத்தான். கை இரண்டும் மேலே, வாய் திறந்து. என் போனுக்கே நாலு பேர் அனுப்பினார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல ஹாஸ்டல் வாசலில் பஸ்ஸை நிறுத்தினார். கதவைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாராம். நாற்பது பேரும் வரிசையில் வந்தார்கள். யாரும் திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. முதலில் ஏறியவன் திக்காராம். அவரைப் பார்த்துத் தலையைக் குனிந்து, மரியாதையாகத்தான் சொன்னான்.

"மார்னிங், பாஸ்."

பின்னால் வந்த முப்பத்தொன்பது பேரும் அதையே சொல்லிக்கொண்டு ஏறினார்கள்.