தேன்பானை ஆடுது

எங்க வீட்டுக்காரர் பேரு பிச்சமுத்து. ஆனா ஸ்ரீரங்கத்துல வேன்கார மாமான்னு கேட்டாத்தான் தெரியும். எங்க மக யமுனா பொறக்குறதுக்கு முன்னாடியிருந்து ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு, காவிரிப் பாலம் தாண்டித் தென்னூருக்குப் போயிட்டு வராரு. இதுவரைக்கும் ஒரு பிள்ளைக்கும் சின்னச் சிராய்ப்புகூட கிடையாது. அந்தப் பெருமை மனுஷனுக்கு நிறைய. வாயால சொல்லமாட்டாரு, நடையில தெரியும்.

கொஞ்ச மாசமா அவருகிட்ட ஒரு மாத்தம். காபியை அரை டம்ளர் மட்டும் ஊத்துன்னாரு. சட்டைப் பொத்தானை என்னைப் போட்டுவிடச் சொன்னாரு, கேட்டா கண்ணு தெரியலையாம். பேப்பர் படிக்கிறப்ப வலது கையைத் தொடைக்கு அடியில வச்சுக்குவாரு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னா இதுதான். நானும் கேக்கல. கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? காலையில வேன் கெளம்புற சத்தம் கேட்டதும் சாமி படத்துக்கு முன்னால போய் நிப்பேன். ரங்கநாதா, பாலம் தாண்டுற வரைக்கும் நீ பிடிச்சுக்கோன்னு வேண்டிக்குவேன்.

போன சனிக்கிழமை, சென்னையில வேலை பாக்குற யமுனா வந்திருந்தா. பரண்ல எதையோ தேடப் போனவ, பழைய வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிக்கிட்டு இறங்குனா. அவ சின்னப் பிள்ளையா இருக்கறப்ப என் தம்பி சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தது. அதுல ஒரு கரடி ஆட்டம். குட்டிக் கரடி காடு கடந்து அம்மாகிட்ட போய்ச் சேரணும். வழி நெடுக சின்னச் சின்ன விளையாட்டு வரும். ரிமோட்டைப் பிடிச்சுக்கிட்டு நாம துடுப்பு போட்டா அதுவும் போடும், நாம தூண்டில் வீசினா அதுவும் வீசும். கடைசியில ஒரு மூங்கில் பாலம். தலையில தேன்பானையோட அதைத் தாண்டணும். நம்ம கை ஆடினா பானையும் ஆடும்.

அந்தக் காலத்துல யமுனாவுக்கு அந்தப் பாலம் மட்டும் வரவே வராது. அழுதுக்கிட்டே ரிமோட்டை அப்பா கையில திணிப்பா. அவரு அலுங்காம குலுங்காம குட்டியைக் கொண்டுபோய் விட்டுடுவாரு.

இப்பவும் டிவியில மாட்டி ஆடிக்கிட்டிருந்தவ, அதே மாதிரி, அப்பா பாலம் வந்துடுச்சு வாங்கன்னு கூப்பிட்டா. சோறு ஆறுதுன்னு சொல்லிப் பாத்தேன். அவரு கழுத்து வலின்னாரு. பிடிவாதத்துல அப்பனுக்குத் தப்பாத பொண்ணு, விட்டாத்தானே!

அவரு ரிமோட்டை வாங்க, குட்டி பாலத்துல கால் வச்சுச்சு. பானை கிடுகிடுன்னு ஆடுச்சு. தேனெல்லாம் கொட்டி, குட்டி ஆத்துல விழுந்துச்சு. யமுனா சிரிச்சா. பேட்டரி தீந்துருக்கும்னாரு. புதுசு போட்டுக் கொடுத்தா. மறுபடியும் விழுந்துச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பாத்தாரு. அப்பவும் விழுந்துச்சு. ரிமோட் கெட்டுப்போச்சு போலன்னு அவ வாங்கிப் பிடிச்சா. பானை அசையவே இல்ல. குட்டி அக்கரைக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கிச்சு.

அவ சிரிப்பு நின்னுடுச்சு. அவரு அவசரமா கையைத் தொடைக்கு அடியில சொருகினாரு. தொடையும் சேர்ந்து ஆடுச்சு.

"எவ்வளவு நாளாப்பா?"ன்னு கேட்டா.

அவரு எழுந்து போய் வேன் சாவியை எடுத்து என் கையில வச்சாரு.

"திங்கக்கிழமை நான் கேப்பேன். குடுத்துடாத."

யமுனா புத்தூர்ல ஒரு டாக்டர்கிட்ட செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கினா. நம்ம வேனை ஓட்டுறதுக்குப் பக்கத்துத் தெரு பிரவீன்ராஜ் ஒத்துக்கிட்டான். ரெண்டு நாளா சாவி என் இடுப்புலயே இருந்துச்சு. தூங்கறப்பகூட தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்.

திங்கக்கிழமை விடிஞ்சதும் குளிச்சுட்டு, காக்கிச் சட்டையோட வந்து நின்னாரு. பொத்தானை மாத்திப் போட்டிருந்தாரு. இன்னிக்கு ஒருநாள் மட்டும், பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு வந்துடறேன்னு கெஞ்சுனாரு. இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் என்கிட்ட கெஞ்சி நான் பாத்ததில்ல. பாவி மனசு அப்படியே கரைஞ்சு போச்சு.

"தரமாட்டேங்க"ன்னேன்.

வாசலுக்குப் போய் பிரவீன்ராஜ் கையில சாவியைக் கொடுத்தேன். பாலத்துல மெதுவா போப்பான்னு உள்ளேயிருந்து இவரு குரல் மட்டும் வந்துச்சு.

வேன் கெளம்புற சத்தம் கேட்டுச்சு. பழக்கத்துல நான் சாமி படத்துக்கு முன்னால போனேன். எனக்கு முன்னாடியே அவரு அங்க நின்னுக்கிட்டிருந்தாரு. கும்பிட்ட கை ரெண்டும் நடுங்கிக்கிட்டிருந்துச்சு. மறைக்கல.