ஏழாம் நம்பர் டிராமை ஓட்டிய என் அக்கா

என் அக்கா டிராம் ஓட்டினாள். இதைச் சொன்னால் ஆட்கள் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் குள்ளம். அக்கா என்னைவிட இரண்டு விரற்கடை குள்ளம். முன்கண்ணாடி வழியே தண்டவாளம் தெரிய வேண்டுமென்று, சோப்பு வந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்றுதான் ஓட்டினாள்.

போருக்கு முன்பு அந்த ஏழாம் நம்பர் டிராமை ஓட்டியவர் அத்தான், அக்காவின் கணவர். அக்கா அப்போது தையற்கடை ஒன்றில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். போர் வந்ததும் அத்தானை ராணுவ லாரி ஓட்டக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்து என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்கள். அவர் திரும்பி வரவில்லை. எங்கே விழுந்தார் என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை. அதை எழுத உட்கார்ந்தால் என்னால் முடியாது. அக்காவைப் பற்றி எழுதுகிறேன்.

டிப்போவில் ஆண்கள் தீர்ந்துபோனார்கள். மேனேஜரும் ஓய்வு பெற வேண்டிய மூன்று பெரியவர்களும்தான் மிச்சம். பெண்கள் வேலைக்கு வரலாம் என்று வாசல் கதவில் சாக்பீஸால் எழுதிப் போட்டார்கள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் டிரைவர், நான் கண்டக்டர். மொத்தம் பதினான்கு பெண்கள். கொடுத்த சீருடை எல்லாம் ஆண்களின் அளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பதினான்கையும் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு டிப்போவில் நாங்கள் சிரித்த சிரிப்பில் மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் நாள் ஒரு பெரியவர் ஏறினார். மரப்பெட்டிமேல் நிற்கும் அக்காவைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் இறங்கி அடுத்த டிராமுக்குக் காத்து நின்றார். அடுத்ததையும் ஒரு பெண்தான் ஓட்டி வந்தாள். அதற்கடுத்ததும் அப்படியே. நாங்கள் ஒரு சுற்று முடித்துத் திரும்பியபோதும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அக்கா டிராமை நிறுத்தி, "ஏறுங்க ஐயா, எனக்கு இப்போ ஒரு சுற்று அனுபவம் ஆயிடுச்சு," என்றாள். ஏறிக்கொண்டார்.

அந்த நான்கு வருடங்கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. விளக்கு வெளிச்சம் விமானங்களுக்குத் தெரியக்கூடாது என்று டிராம் ஜன்னல்களில் நீலச் சாயம் பூசியிருந்தார்கள். காலை வெயில் அதன் வழியே வந்து எல்லார் முகத்தையும் நீலமாக்கும். மழைநாளில் சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே போவோம். ரொட்டிக்கு வரிசையில் நின்றோம். குண்டு விழுந்த தெருவைச் சுற்றிக்கொண்டு ஓட்டினோம். பசி இருந்தது, பயம் இருந்தது. ஆனாலும் காலையில் அக்கா கைப்பிடியைத் திருப்பி, காலால் மணியை மிதிக்கும்போது, இந்த ஊரையே நாங்கள் இரண்டு பேர்தான் கிளப்பி விடுகிறோம் என்று தோன்றும்.

போர் முடிந்தது. ஆண்கள் திரும்பினார்கள். டிரைவர் பெண்களை ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். ஆளுக்கொரு நன்றிப் பத்திரம், கெட்டியான நல்ல காகிதம். அக்கா அதன் பின்பக்கத்தில் சட்டைக் காலரின் அளவை வரைந்து வெட்டி எடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போய்விட்டாள். கண்டக்டர்களை மட்டும் இன்னும் சில வாரம் வைத்துக்கொண்டார்கள். அதனால் அத்தான் மறுபடி வேலைக்கு வந்த அன்று அந்த டிராமில் நான் இருந்தேன்.

அத்தான் இளைத்திருந்தார். மற்றபடி நன்றாகத்தான் இருந்தார். ஆனால் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் யார் நடந்தாலும் டிராமை நிறுத்தினார். குறுக்கே வந்தவர்களுக்கு மட்டுமல்ல, நடைபாதையில் சும்மா நின்றவர்களுக்கும். நாற்பது நிமிடப் பாதையில் பாதி தூரம் போகவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சந்தை வாசலில் ஒரு அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அத்தான் நிறுத்தினார். அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு போயும்விட்டார். டிராம் நகரவில்லை.

நான் முன்னால் போனேன். அத்தானின் கை கைப்பிடியில் இறுகியிருந்தது.

"போயிட்டாங்க அத்தான்," என்றேன்.

"போகட்டும்," என்றார். "அவங்க போகட்டும்."

தெரு காலியாக இருந்தது. அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தையற்கடை இரண்டு தெரு தள்ளித்தான். டிக்கெட் பை இடுப்பில் அடிக்க ஓடினேன். அக்கா ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிய அங்குஸ்தானைக்கூடக் கழற்றாமல் என்னோடு ஓடி வந்தாள். டிராமில் ஏறி, அத்தானின் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"நீங்க என் பக்கத்துலயே நில்லுங்க," என்றாள். "யாராவது குறுக்க வந்தா எனக்குச் சொல்லுங்க. நான் நிறுத்துறேன்."

அவர் நின்றார். சொன்னார். அவள் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், வேண்டாத இடத்தில் "பார்த்துட்டேன், அவங்க ஓரமாத்தான் இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே மெதுவாகக் கடந்தாள். பயணிகளில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் யாராவது அப்படித் திரும்பி வந்திருப்பார்கள்.

பத்தொன்பது நாள் இப்படியே ஓடியது. அத்தான் டிப்போவிலிருந்து டிராமை ஆமைபோல வெளியே கொண்டுவருவார். முதல் திருப்பத்தில் அக்கா ஏறிக்கொள்வாள். மேனேஜருக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்தார். இருபதாம் நாள் தலைமை அலுவலக இன்ஸ்பெக்டர் ஏறினார். கடைசி நிறுத்தம் வரை பார்த்துக்கொண்டே வந்துவிட்டு, இறங்கும்போது அக்காவிடம், வண்டியை ஓட்டுவது அவரா நீங்களா என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் சார்," என்றாள் அக்கா.

"நாளையிலிருந்து இது நடக்கக் கூடாது."

அவர் கெட்டவர் இல்லை. அவருடைய சட்டைக் கையில் துக்கத்துக்கு அடையாளமாகக் கறுப்புத் துணி கட்டியிருந்ததை நான் பார்த்தேன்.

அன்று மாலை அக்கா வீட்டுச் சமையலறையில் மூவரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். அத்தான் தலை நிமிராமல் பேசினார். படை பின்வாங்கும்போது லாரியை எதற்காகவும் நிறுத்தக்கூடாது என்று உத்தரவாம். ரோடு முழுக்க ஆட்களாம். மூட்டை சுமந்தவர்கள், காயம்பட்டவர்கள், கை காட்டினவர்கள்.

"நான் நிறுத்தல," என்றார்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, கிழங்கு ஆறிப்போன தண்ணீரில் கிடக்க, அவர் முழங்காலில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அந்தப் பேச்சு அந்த வீட்டில் அதற்குப் பிறகு எழவேயில்லை.

மறுநாள் மேனேஜர் அத்தானுக்கு வேறு வேலை கொடுத்தார். மூன்று தடங்கள் பிரியும் முச்சந்தியில் இரும்புக் கம்பியால் தடத்தை மாற்றிவிட வேண்டும். டிராம் வரும்போது கொடி பிடித்து மனிதர்களை நிறுத்த வேண்டும், மனிதர்கள் போகும்போது டிராமை நிறுத்த வேண்டும். இருபத்திரண்டு வருடம் அங்கே நின்றார். ஒரு பூனை தாண்டுவதற்காக மூன்று டிராம்களை நிறுத்தி வைத்தவர் என்று டிரைவர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அந்த முச்சந்தியில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

அக்கா அதற்குப் பிறகு டிராம் ஓட்டவே இல்லை. எத்தனையோ வருடம் கழித்துக் கம்பெனி மறுபடி பெண்களைச் சேர்த்தது. அக்கா விண்ணப்பம் போட்டாள். வயது தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. தெருவில் ஏழாம் நம்பர் மணி கேட்டால் தையல் மெஷினில் அவள் கால் ஒரு நொடி நிற்கும் என்று கடைக்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் பதினான்கு பேரும் வருடத்துக்கு ஒருமுறை டிப்போவுக்கு எதிரே இருந்த டீக்கடையில் கூடுவோம். ஒருமுறை, மகனைப் போரில் பறிகொடுத்த பதினோராம் நம்பர் டிராமை ஓட்டிய அக்கா, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்த நாலு வருஷம்தான்டி நமக்கு நல்ல காலம். சொல்லவே வெட்கமா இருக்கு."

என் அக்காதான் பதில் சொன்னாள்.

"எனக்கும்தான் இருக்கு. அதுக்காக இல்லைன்னு சொல்ல முடியுமா?"

அத்தான் தூக்கத்திலேயே போனார். அக்கா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தாள், கடைசி வரை மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்தாள். இந்த வருடம் டீக்கடைக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பஸ் பிடித்து அவரவர் வீட்டுக்குப் போனோம்.